டவுனில் எங்கள் பழைய கிட்டங்கி: இது முதலில் என்னவாக இருந்தது?

நடுவீட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுனில் கீழரத வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் ‘கிட்டங்கி’, அதாவது சரக்கு போட்டு வைக்கும் இடம், என்றுதான் சொல்வோம். தாத்தாவின் தாத்தா காலத்துச் சொத்து. பாகம் பிரிக்காமல் ஐந்து பங்காகக் கிடக்கிறது. கடைசியாக வாடகைப் பாத்திரக் கடைக்கு விட்டிருந்தோம், அவர்கள் காலி செய்து ஒரு வருஷம் ஆகிறது.

இப்போது ஒருவர் விலைக்குக் கேட்கிறார். இடித்துவிட்டுக் கீழே வண்டி நிறுத்த இடம், மேலே கடைகள் என்று கட்டப் போகிறாராம். நான் சென்னையில் இருக்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டு வந்து, சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது என்ன இடம் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டால் ஒரே கதைதான்: 1908-ல் வ.உ.சி. இங்கே ஒரு ராத்திரி தங்கினார். அத்தையிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாசலில் மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு இரட்டைக் கதவு. படி கிடையாது, கல் பாவிய சரிவு. முன்னால் தார்சா, அதாவது வாசலை ஒட்டிய முன்கூடம். அதில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு மரமேடை. உள்ளே நீளமாக ஒரே அறை, ஜன்னலே இல்லை. கூரையை ஒட்டிக் காற்றுக்குச் சின்னச் சின்னத் துளைகள் மட்டும். நடுவில் இரும்பு உத்திரம், அதில் ஒரு கனத்த கொக்கி. மூன்று பக்கச் சுவரிலும் இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்து, சிமெண்ட் பாளம் பாளமாக விழுகிறது.

அப்படி விழுந்த ஒரு இடத்தில் பழைய பூச்சு தெரிகிறது. அதில் கரியால் போட்ட கோடுகள், வரிசை வரிசையாக. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலும் 21 கோடு. 20 இல்லை, 21. யாருக்காவது புரிகிறதா?

பழைய பேரேடு

தம்பி, 21 என்று படித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அது நெல் அளந்த கணக்கு. நம் சீமையின் முகத்தல் அளவில் 21 மரக்கால் ஒரு கோட்டை. நிலத்தைக்கூட ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்றுதான் அந்தக் காலத்தில் சொல்வார்கள், ஏக்கர் எல்லாம் பத்திரத்தில் மட்டும்.

அளக்கிறவர் மரக்காலைக் குவித்துத் தலைதட்டிச் சாக்கில் கொட்டுவார். கூட நிற்கிறவர் சுவரில் ஒரு கோடு இழுப்பார். கோட்டைக்கு ஒரு கட்டு. முதல் மரக்காலை யாரும் ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அடுத்தது ரெண்டு, மூணு. அதனால் முதல் கோட்டுக்கு மேலே ‘லா’ என்றோ, பிள்ளையார் சுழியோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தார்சாவில் இருக்கும் மரமேடை கணக்குப்பிள்ளையின் இடம். முன்னால் சாய்வுப் பெட்டி வைத்துக்கொண்டு சிட்டையில் குறித்து, சாயங்காலம் நாள்வழியில் ஏற்றி, அப்புறம் பேரேட்டில் பதிவார். வாசலில் போகிற வருகிற ஒரு மூட்டையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மேடையின் திசையைப் பாருங்கள். தெருவைப் பார்த்து இருக்காது, கதவைப் பார்த்து இருக்கும்.

நடுவீட்டுக்காரன்

அண்ணாச்சி, இருக்கிறது! ஆறு கட்டு தெரிகிறது. அதில் நான்கின் தலையில் ‘உ’ போட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் ‘லாபம்’ என்று முழுசாகவே எழுதியிருக்கிறது. கீழே ‘௰௨’ என்றும் பக்கத்தில் ரூபாய், அணா மாதிரி ஏதோ கிறுக்கலும். மேடை கதவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

பழைய பேரேடு

௰௨ என்றால் பன்னிரண்டு. அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசா வந்த பிறகு அணாவில் கணக்கு எழுதுவது மெல்ல நின்றுவிட்டது. சரி, நெல் மண்டி என்று முடித்துவிடலாம்.

கொக்கிரகுளம் 77

அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் கொக்கி எதற்கு? அளக்கிற இடத்தில் தராசு மாட்டும் கொக்கிக்கு என்ன வேலை?

அப்புறம் அந்த வ.உ.சி. கதை. நெல்லையில் வ.உ.சி. தங்காத பழைய வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள், நான் ஒரு கிலோ அல்வா வாங்கித் தருகிறேன். 1908 மார்ச் 9-ல் பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட, தடையை மீறி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் இங்கே கூட்டம் போட்டது உண்மை. 12-ல் கைது செய்தார்கள். 13-ஆம் தேதி ஊரே கொதித்து நகராட்சி அலுவலகம், போலீஸ் நிலையம், தபாலாபீஸ் எல்லாம் எரிந்தன. இத்தனை பெரிய நெருப்பு எரிந்த ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரு கங்கு எடுத்து வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். தப்பில்லை. ஆனால் வரலாறு என்று பதிவு போடும்போது கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரும்பு உத்திரத்தில் செய்தவன் பெயர் அச்சாகியிருக்கும். தூசியைத் தட்டிப் படித்துச் சொல்லுங்கள்.

நடுவீட்டுக்காரன்

ஏணி வாங்கி ஏறிப் பார்த்தேன். ‘டாடா’ என்று இருக்கிறது.

கொக்கிரகுளம் 77

முடிந்தது கதை. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் முதல் எஃகு வார்த்தது 1912-ல். வ.உ.சி. அதே 1912-ன் கடைசியில்தான் சிறையிலிருந்தே வெளியே வந்தார். உங்கள் உத்திரம் ஏறுவதற்கு முன்னாலேயே அவர் தங்கியிருக்கிறார் என்றால் கூரை இல்லாமல்தான் படுத்திருப்பார்.

சுண்ணாம்புக்காரி

கொக்கிரகுளம், கொஞ்சம் பொறுங்கள். உத்திரத்தின் வயது கட்டடத்தின் வயது ஆகாது. பாளையங்கோட்டையில் பழைய வீடுகளைச் செப்பனிடுவதுதான் என் தொழில். உத்திரம் சுவரில் உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். சுவர் கட்டும்போதே வைத்திருந்தால் அடியில் ஒரு கல் தாங்கியாகக் கோத்திருக்கும். பின்னால் மாற்றியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் செங்கல் உடைத்து ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். செங்கல்லையும் பாருங்கள் தம்பி. சப்பையாக, விரற்கடை கனத்தில் இருந்தால் சுவர் பழையது. கூரையின் கை மரம் என்ன?

நடுவீட்டுக்காரன்

அக்கா, செங்கல் சப்பைதான். உத்திரத்தின் இரண்டு முனையிலும் பெரிய செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கூரையில் பாதி தேக்கு, பாதி கறுப்பாக நார் நாராக ஏதோ மரம்.

சுண்ணாம்புக்காரி

அது வைரம் பாய்ந்த பனை. பனங்கை போட்ட கூரை முதலில் இருந்திருக்கிறது. நடுவில் மர உத்திரமோ, தூண்களோ நின்றிருக்கும். பிறகு யாரோ தூண்களை எடுத்துவிட்டு இடத்தை விசாலமாக்க இரும்பு போட்டிருக்கிறார்கள். ஒரு கிட்டங்கியில் தூணை எடுக்கப் பணம் செலவழிக்கிறான் என்றால் சரக்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம். நெல் மூட்டைக்குத் தூண் இடைஞ்சல் இல்லை, தூணைச் சுற்றி அடுக்கலாம்.

மேலப்பாளையத்தான்

அந்தச் சரக்கு என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நூல்.

எங்கள் வாப்பா காலம் வரை வீட்டில் தறி இருந்தது. நூலுக்கு டவுனுக்குத்தான் போவார்கள். 10 ராத்தல், அதாவது 10 பவுண்டு, ஒரு கட்டு. 40 கட்டு ஒரு பேல். 400 ராத்தல் பேலை நிறுக்க மேலே கொக்கி வேண்டும், உருட்டித் திருப்ப இடம் வேண்டும். தூண் நின்றால் ஆகாது. அக்கா சொல்வது சரியாகப் பொருந்துகிறது.

தூத்துக்குடி உப்புக்காற்று

நூல் ஏன்? பஞ்சாக இருக்கலாமே. கரிசல் பஞ்சு, கருங்கண்ணி, உப்பம் எல்லாம் திருநெல்வேலிப் பஞ்சு என்ற பெயரில்தானே சீமைக்குப் போனது.

மேலப்பாளையத்தான்

பெயர் திருநெல்வேலி, ஆனால் சரக்கு போனது உங்கள் ஊருக்குத்தானே அண்ணாச்சி. கோவில்பட்டி, எட்டயபுரத்துப் பஞ்சு தூத்துக்குடியில் அழுத்திக் கப்பல் ஏறும். 1876-ல் ரயில் வந்த பிறகு மணியாச்சி வழியாக நேராகவே போய்விடும். அதைத் தெற்கே டவுன் சந்துக்குள் கொண்டுவந்து யார் அடுக்குவார்கள்? நூல் என்றால் கணக்கு நேராகிறது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் 1880களில் வந்தது. பாபநாசத் தண்ணீரில் ஓடிய ஆலை. அங்கிருந்து நூல் டவுன் வியாபாரிக்கு, அவரிடமிருந்து எங்கள் தறிக்கு.

1943-ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் நூல் விற்கலாம். சின்ன வியாபாரிகள் பலர் அதில்தான் கடையைக் கட்டினார்கள் என்று வாப்பா சொல்வார்கள். பிறகு எங்கள் ஊரில் தறிச் சத்தம் குறைந்து வீட்டுக்கு வீடு பீடித்தட்டு வந்தது தனிக்கதை.

பழைய பேரேடு

பாய் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு சிக்கல். கரிக்கோடு உத்திரத்துக்கு முந்தியதா பிந்தியதா? நூல் கிட்டங்கியான பிறகும் நெல் அளந்திருக்கலாம். யுத்த காலத்தில் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது தனியார் கிட்டங்கிகளை சர்க்கார் வாடகைக்கு எடுத்து நெல் போட்டு வைத்தது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கும் வரை அதுதான் நிலைமை. நூல் வியாபாரம் படுத்ததும் சர்க்கார் நெல் உள்ளே வந்திருந்தால் எல்லாம் பொருந்துகிறது.

நடுவீட்டுக்காரன்

கோட்டுக்கு அடியில் இருப்பது நீலம் கலந்த வெள்ளை. அதைச் சுரண்டினால் அடியில் இன்னும் மூன்று நான்கு பூச்சு. அப்படியானால் கோடு கடைசிக் காலத்ததுதான் போலிருக்கிறது. அதுவும் தவிர, இந்த வாடகைக்கு விட்ட கதைகளில் எனக்கே நேரில் தெரிந்தது ஒன்று உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது இது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் எழுத வரும் அக்காமார் சைக்கிளை அந்தக் கல் சரிவில் உருட்டிக்கொண்டு போவது நினைவிருக்கிறது. சாயங்காலம் சந்து முழுக்க மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். 90களின் கடைசியில் அதே ஆளே அதைக் கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கினார். அப்போதுதான் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, பொய்க்கூரை போட்டு, ஏசி வைத்தார்கள்.

கொக்கிரகுளம் 77

டைப்ரைட்டிங்குக்கு ஜன்னல் இல்லாத அறையை யார் வாடகைக்கு எடுத்தது!

பழைய பேரேடு

வாடகை குறைவாக இருந்தால் ஜன்னல் வேண்டாம். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குடியேறியவரைக் கிளப்புவது லேசு இல்லை. வாடகையையும் இஷ்டப்படி கூட்ட முடியாது. சொந்தக்காரனும் செப்பனிட மாட்டான், வந்தவனும் போக மாட்டான். 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துதான் அது மாறியது. டவுனில் பல பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கிறதற்குக் காரணம் யாருடைய கலை ஆர்வமும் இல்லை. ஐந்து பங்காளிகள் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை, அதுதான் காரணம். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

மண்டிகள் ஏன் டவுனை விட்டுப் போயின என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசல் மாட்டுவண்டிக்கு அளவெடுத்தது. 1843-ல் சுலோசன முதலியார் கட்டிய பாலம் வந்த பிறகு பாளையங்கோட்டைப் பக்கத்து வண்டிகள் ஆற்றைத் தாண்டி நேராக டவுனுக்கு வந்தன. அது ஒரு நல்ல காலம். ரயில் வந்தபோது சந்திப்பில் ஒரு தனி ஊரே முளைத்தது. 1904-ல் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடியதும் மலையாளத்து மிளகும் சுக்கும் பாக்கும் ரயிலிலேயே இறங்கின. அதுவரைகூட டவுன் தாக்குப் பிடித்தது, ஸ்டேஷனிலிருந்து வண்டி கட்டினால் போதும். லாரிதான் ஆளைச் சாய்த்தது. ரத வீதியிலிருந்து உங்கள் சந்துக்கு லாரி திரும்பாது. வீதியில் நிறுத்தி நாட்டாமை, அதாவது சுமை தூக்குகிறவர், தலையில் சுமந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி ஏறும். வெளியே லாரி நிற்க இடம் இருக்கிற பக்கம் வியாபாரம் போய்விட்டது. வீடு அங்கேயே, வியாபாரம் வேறெங்கோ.

தூத்துக்குடி உப்புக்காற்று

எல்லாம் சரி, சுவரில் பூத்திருக்கிற வெள்ளைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இடுப்பு உயரம், மூன்று சுவர், ஒரே மட்டம். மூட்டை அடுக்கிய உயரம் மாதிரி இருக்கிறது. என் ஓட்டு உப்புக் கிட்டங்கிக்கு.

பழைய பேரேடு

உப்பை யார் டவுனுக்குள் கொண்டுவந்து போடுவார்? உங்கள் ஊர் உப்பளத்திலேயே அம்பாரம் போட்டு ஓலை மூடி வைப்பார்கள். 1947 வரை உப்பு சர்க்கார் வரிக்காவலில் இருந்த சரக்கு.

சுண்ணாம்புக்காரி

முதலில் அது என்ன உப்பு என்று பார்க்கலாம். மாடு கட்டிய இடமாக இருந்தால் மூத்திரத்தில் இருந்து வெடியுப்பு பூக்கும். தம்பி, துளி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். விழுங்க வேண்டாம். சில்லென்று கசந்தால் வெடியுப்பு.

நடுவீட்டுக்காரன்

வைத்தேன். கசப்பு இல்லை. சாதாரணக் கறியுப்பு. என் மனைவி போன் பண்ணி “சுவரை நக்கத்தான் லீவு போட்டுப் போனீங்களா” என்று கேட்கிறாள்.

தூத்துக்குடி உப்புக்காற்று

நான் சொல்லவில்லையா!

சுண்ணாம்புக்காரி

உப்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு பக்கம். அது இவ்வளவு கேடு செய்யக் காரணம் சிமெண்ட். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். சுவரில் ஏறுகிற ஈரம் பூச்சின் வழியாக வெளியே போகும். உப்பும் மேலேயே பூத்து உதிரும், வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்தால் போதும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழி இல்லை. ஐப்பசி கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரத்தையும் அந்த உப்பு இழுத்துக்கொள்ளும், சுவர் வேர்க்கும். கோடையில் காயும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே கெட்டியாகி விரியும். செங்கல் மாவு மாவாக உதிரும், சிமெண்ட் பாளமாக விழும். உடனே ‘சுவர் பழசாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான்’ என்பார்கள். நூறு வருஷம் நின்ற சுவரைக் கெடுத்தது இருபது வருஷத்துப் பூச்சு.

நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பதும் கஷ்டம். தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. சிமெண்ட் என்றால் நமக்குச் சொந்த ஊர்ச் சரக்கு மாதிரி ஒரு பெருமை. சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி நான் விளாத்திகுளம் வரை போகிறேன்.

செய்ய வேண்டியது: சிமெண்டைக் கவனமாக உளியால் எடுக்க வேண்டும், மெஷின் கூடாது. ஈரக் களிமண்ணையோ காகிதக் கூழையோ சுவரில் அப்பி, காய்ந்ததும் எடுத்தால் உப்பு அதோடு வரும். மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். அப்புறம் சுண்ணாம்பு. முதல் பூச்சு இரண்டொரு வருஷத்தில் கெடும், கெடட்டும், அதுவும் உப்பை வாங்கிக்கொண்டுதான் போகும். கரிக்கோடு இருக்கிற துண்டை மட்டும் தொடாதீர்கள்.

சார்பதிவகம் பக்கத்து டீக்கடை

இவ்வளவு பேர் சுவரைச் சுரண்டுகிறீர்கள், ஒருவரும் காகிதத்தைச் சுரண்டவில்லை. வில்லங்கம் ஆன்லைனில் ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையெழுத்து அட்டவணையில் தேடச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்திருக்க வேண்டும், அதனால் வாடகைக்கு இருந்தவன் பெயரும் தொழிலும் அதில் வரும். மாநகராட்சியில் பழைய சொத்துவரிப் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது. போகும்போது சர்வே எண், தாத்தா பெயர், அவர் அப்பா பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

நடுவீட்டுக்காரன்

(பத்து நாள் கழித்து)

நன்றி அண்ணாச்சி. லீவை நீட்டித்துவிட்டு அலைந்தேன். ஒரு பதிவு கிடைத்தது. 1964-லிருந்து எட்டு வருஷக் குத்தகை. எடுத்தவர் தூத்துக்குடிக்காரர். தொழில் என்ற இடத்தில் ‘கடல் பொருள் வியாபாரம்’ என்று எழுதியிருக்கிறது. கடல் பொருள் என்றால் என்ன?

தூத்துக்குடி உப்புக்காற்று

ஆகா! சங்காக இருக்கும். எங்கள் கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். முத்தாகக்கூட இருக்கலாம், ஆனால் எங்கள் ஊரில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். 64-ல் கையிருப்பு வைத்திருந்திருப்பார். சங்கோடு வந்த கடலுப்புதான் உங்கள் சுவரில் ஏறியிருக்கிறது. நினைத்துப் பாருங்கள், நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் ஒரு சங்குக் கிட்டங்கி!

கொக்கிரகுளம் 77

சங்கு குளிப்பு மீன்வளத்துறையின் கையில் இருந்தது. தனி ஆள் டவுனில் இடுப்பு உயரம் அடுக்கி வைக்க முடியாது. முத்தை இடுப்பு உயரம் அடுக்கியவன் குத்தகைக்கு வருவானா, ஊரையே வாங்கியிருப்பான்.

மேலப்பாளையத்தான்

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். தம்பி, உங்கள் அத்தையிடம் ‘கடல் பொருள்’ என்று மட்டும் சொல்லி முகத்தைப் பாருங்கள்.

நடுவீட்டுக்காரன்

பாய், நீங்கள் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

இன்று காலை அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கருவாடு. எட்டு வருஷம் எங்கள் கிட்டங்கி கருவாட்டுக் கிட்டங்கியாக இருந்திருக்கிறது. நாங்கள் வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத சைவ வீடு. தாத்தாவுக்கு நூல் வியாபாரம் போய், சர்க்கார் நெல்லும் போய், கிட்டங்கி சும்மா கிடந்த காலம். கடன் வேறு. தூத்துக்குடிக்காரர் ஒருவர் மற்றவர்களைவிட மூன்று பங்கு வாடகை தருகிறேன் என்று வந்தாராம். தாத்தா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் சரி என்றாராம். பத்திரத்தில் ‘கடல் பொருள்’ என்று எழுதச் சொன்னது தாத்தாதானாம்.

ராத்திரியில்தான் சரக்கு இறங்குமாம். மறுநாள் ஆச்சி சாம்பிராணி போட்டுப் போட்டுத் தீராதாம். சந்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வருஷங்களில் ஆச்சி யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் கை நிறையச் செய்தாள். சந்துப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் படுத்துக் கிடக்குமாம். குத்தகை முடிந்ததும் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, புண்ணியாவாசனம் பண்ணி, யாராவது கேட்டால் சொல்ல ஒரு கதையும் தயார் செய்தார்கள். அந்தக் கதைதான் வ.உ.சி. ஒரு ராத்திரி தங்கினார்.

கொக்கிரகுளம் 77

சிரித்து முடியவில்லை. நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அல்வா உங்கள் அத்தைக்கு.

சுண்ணாம்புக்காரி

கருவாட்டு உப்புதான் அது, சந்தேகமே இல்லை. உப்பில் ஊறிய சாக்கைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் அப்படித்தான் ஒரே மட்டத்தில் ஏறும். தாத்தா காலத்தில் சுண்ணாம்பு அடித்ததும் அடங்கியிருந்திருக்கிறது. பிறகு சிமெண்ட் வந்து மூடியதால் பல வருஷம் கழித்து மறுபடி வெளியே வந்திருக்கிறது.

பழைய பேரேடு

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. வியாபாரி கிட்டங்கி வாடகைக்கு விட்டால் சரக்கின் வாசனையைப் பார்க்க முடியாது. நெல், நூல், சர்க்கார் நெல், கருவாடு, டைப்ரைட்டர், கம்ப்யூட்டர், அண்டா குண்டா. ஒரு நாள்வழியில் எழுதுகிற மாதிரி வரிசையாக வந்திருக்கிறது. விற்பனை என்ன ஆயிற்று?

நடுவீட்டுக்காரன்

முடிவாகவில்லை அண்ணாச்சி. மூன்று பங்கு விற்கலாம் என்கிறது. நானும் அத்தையும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறோம். அத்தை சொன்ன காரணம், அவள் கல்யாணம் அந்த வாடகையில்தான் நடந்ததாம், “கருவாடு போட்ட தாலி” என்று மாமா சாகும்வரை கேலி செய்வாராம். இதற்கிடையில் ஆன்லைன் சாமான் கொண்டுவந்து கொடுக்கிற ஒரு ஏஜென்சிக்காரர் வந்து பார்த்தார். பெட்டிகள் அடுக்கி வைக்க, பைக்குகள் நிற்க இடம் வேண்டுமாம். சந்துக்குள் லாரி வராது என்றேன், சின்ன வேன் போதும், மீதியெல்லாம் பைக்தான் என்றார். ஜன்னல் இல்லாதது நல்லது என்றும் சொன்னார். ஏசி கேட்கவில்லை. சிமெண்டை எடுத்துவிட்டு வடக்குச் சுவரில் மட்டும் முதலில் சுண்ணாம்பு போட்டுப் பார்க்கிறோம். அக்கா, அந்த விளாத்திகுளத்துக் கொத்தனார் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

பெரியப்பா மட்டும் இன்னும் வ.உ.சி. தங்கினார் என்றுதான் சொல்கிறார்.

தூத்துக்குடி உப்புக்காற்று

அந்தத் தூத்துக்குடிக்காரர் வாடகை எவ்வளவு கொடுத்தார் என்று பத்திரத்தில் இருக்குமே?

நடுவீட்டுக்காரன்

இருக்கிறது. அத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.